படுக்கை தேடுவதற்கு முன்: வடசென்னையில் பராமரிப்புப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே வரியில்தான் தொடங்கும்: "நல்ல இல்லமாக ஒன்று சொல்லுங்களேன்." பக்கவாதம் வந்த அம்மாவுக்கு, மறதி முற்றிய மாமனாருக்கு, முப்பது வயதாகியும் தனியே சாலையைக் கடக்க முடியாத தம்பிக்கு என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. பழைய வண்ணாரப்பேட்டையிலும் அதைச் சுற்றியும் இந்த வேலையில் இறங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் நானும் கேட்ட மாத்திரத்தில் இல்லம் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை என் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

காசிமேட்டில் வலை பின்னிப் பிழைத்த பெரியவர் ஒருவரை ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் ஓர் இல்லத்தில் சேர்த்ததோடு அந்தச் சாமர்த்தியம் முடிந்தது. நல்ல கட்டில், வேளாவேளைக்குச் சோறு, தலைக்கு மேல் மின்விசிறி. பத்தாம் நாள் காலை அவர் தன் பழைய வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். பஸ் மாறி மாறி, வழியில் பார்த்தவர்களிடம் காசு கேட்டு வாங்கி வந்திருக்கிறார். "அங்கே என்ன குறை, நைனா?" என்று கேட்டேன். "குறை ஒன்றும் இல்லை. கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். டீ குடிக்கக்கூட வெளியே விட மாட்டேன் என்கிறார்கள்" என்றார். அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது கண்புரைக்கு ஓர் அறுவைச் சிகிச்சையும் மதியச் சாப்பாட்டுக்கு ஓர் ஏற்பாடும்தான். இரண்டும் ராயபுரத்தைத் தாண்டாமலே கிடைத்தன. நான் அவரைக் கேட்காமல் அவருடைய மகளை மட்டும் கேட்டிருந்தேன்.

ஆகவே குடியிருப்போர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர், ஓய்வு பெற்றுவிட்டு ஏதாவது செய்யலாம் என்று வருபவர், சமூகப்பணி படிக்கும் மாணவர் யாராக இருந்தாலும் சரி, ஏதோ ஓர் இல்லத்தின் பெயரை மனதில் வைத்துக்கொண்டு யார் வீட்டுக்கும் போகாதீர்கள்.

ஒரு நோட்டும் ஒரு தெருவும்

வார்டு முழுவதையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். மாநகராட்சியின் 200 வார்டுகளில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்ற முதல் ஐந்து மண்டலங்கள் நம்முடையவை. புளியந்தோப்பு இருக்கும் திரு.வி.க. நகரையும் சேர்த்தால் ஆறு. இதில் ஒரே ஒரு தெரு, அல்லது அரசு வாரியம் கட்டிய போர்டு வீடுகளில் ஒரே ஒரு பிளாக், முதல் மூன்று மாதத்துக்குப் போதும்.

கதவைத் தட்டிக் கணக்கெடுக்கக் கிளம்பாதீர்கள். கட்சிக்காரரா, கடன் வசூலிக்க வந்தவரா என்று பார்ப்பார்கள். ரேஷன் கடையில் எடை போடுபவர், மருந்துக் கடைக்காரர், ஆட்டோ நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர், குடிநீர் லாரி வரும்போது குடத்தோடு நிற்கும் பெண்கள், குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் ஆகிய ஐந்து பேரிடம் பேசினாலே பாதிப் பட்டியல் வந்துவிடும். "முன்பு வந்துகொண்டிருந்து இப்போது வராமல் போனவர் யார்?" என்று மட்டும் கேளுங்கள். நான் அறிந்தவரை, இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த அளவு பதில் எந்த அச்சடித்த படிவத்துக்கும் கிடைத்ததில்லை.

நோட்டில் ஓர் ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், எந்த மாடி, யாரோடு இருக்கிறார், காலையில் கழிப்பறைக்கு எப்படிப் போகிறார், மாத்திரை யார் வாங்கி வருகிறார், கையில் என்னென்ன அட்டைகள் இருக்கின்றன. நோயின் பெயர் கடைசியில் வரட்டும். அந்த நோட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தனியாக இருக்கும் மூதாட்டியின் முகவரியும் ஓய்வூதியம் வரும் தேதியும் ஒரே பக்கத்தில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மண்ணுக்கு இது புது வேலையும் அல்ல. 1782 பஞ்சத்தில் பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் ராயபுரத்தில்தான் எழுந்தது. அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. பழைய ஆட்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 'மோனேகர் சத்திரம்' என்று வெள்ளைக்காரன் நாக்கில் திரிந்த பெயரோடு முதியோரை வைத்துப் பராமரிக்கும் வேலை அங்கே தொடர்ந்து வந்திருக்கிறது.

வீட்டுக்குள் போனதும்

கையில் ஓர் அளவு நாடா இருக்கட்டும். தையற்கடையில் இருக்கும் சாதாரண நாடா போதும்.

தண்டையார்பேட்டையில் ஒரு போர்டு குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஓர் ஆயா. லிஃப்ட் கிடையாது. மகன் இல்லம் கேட்டுத்தான் என்னை அழைத்திருந்தார். "அம்மா கீழே இறங்குவதே இல்லை. விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது?" என்றார். நான் போனபோது ஆயா படிக்கட்டில்தான் இருந்தார். ஒரு பழைய துண்டை நான்காக மடித்துப் படியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, காலைக் கீழ்ப்படிக்கு இறக்கி, பிறகு துண்டை இழுத்து அடுத்த படியில் போட்டு, அப்படியே இறங்கி வந்துகொண்டிருந்தார். துண்டின் நடுப்பகுதி வலை போல இழை விட்டிருந்தது. மகன் வேலைக்குப் போன பிறகு தினமும் நடப்பதாம். கீழே வெற்றிலைக் கடையில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அதே துண்டோடு பின்னால் நகர்ந்து நகர்ந்து ஏறிவிடுவாராம். மொத்தம் ஐம்பத்து நான்கு படி.

மகன் சொன்னதும் பொய்யில்லை, ஆயா செய்ததும் பொய்யில்லை. இறங்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறவரைப் படுக்கையில் கொண்டுபோய்ப் போடக் கூடாது என்று அன்று நான் முடிவு செய்தேன். வீட்டுக்குள் அளந்து பார்த்ததில் கழிப்பறை வாசல் தளத்தைவிட ஐந்து அங்குலம் உயரம். உள்ளே பிடிக்க எதுவும் இல்லை. கால் மடக்கி உட்காரும் பீங்கான். விழுந்த இரண்டு தடவையும் விழுந்தது அங்கேதான்.

இந்த இடத்தில் செய்யக்கூடியவை சின்னச் சின்ன வேலைகள். கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி அடிக்க ஒரு பிளம்பருக்கு அரை நாள் போதும். ஆனால் குழாயில் கட்டக் கூடாது, சுவரில் துளை போட்டுப் பொருத்த வேண்டும். பீங்கான் மேல் வைக்கும் கமோடு நாற்காலி மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவதாக இருந்தால் ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். அதாவது அரை அடி வாசற்படிக்கு ஆறு அடிச் சாய்தளம். கொத்தனார்கள் இரண்டடியில் முடித்துவிடுவார்கள். அது இருசக்கர வண்டி ஏற்றத்தான் உதவும்.

பிறகு தண்ணீர். நம் பக்கத்து வீடுகளில் மெட்ரோ தண்ணீர் பெரும்பாலும் அடிபம்பில்தான் வரும். ஒரு பக்கம் கை விழுந்துபோனவரால் அடிபம்பு அடிக்க முடியாது. 'தானாகச் சமைத்துக்கொள்வார்' என்று எழுதிவிட்டு வந்த வீட்டில், தண்ணீர் பிடிக்க ஆள் இல்லாமல் மூன்று நாளாக அடுப்பே எரியவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாக, அவரைத் தனியாக வைத்துக் கேளுங்கள்: எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள்? வீட்டார் முன்னால் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு.

காகித வேலை, வரிசைப்படி

இது சலிப்பான பகுதி. ஆனால் பலருக்கு இல்லத்தின் தேவையே இதில் பாதி கரைந்துவிடும்.

ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் பிறந்த ஆண்டும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஓரிடத்தில் முனியம்மாள், இன்னோரிடத்தில் முனியம்மா என்றிருந்தால் அங்கேயே நின்றுவிடும். அதைத் திருத்திய பிறகுதான் மற்றவை.

ஆதரவற்ற முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். வருவாய்த் துறை ஆள் நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போவார். முடிவு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் கையில். 1,000 ரூபாயாக இருந்த தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. விசாரணைக்கு வருபவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "மகன் இருக்கிறானா?" என்பதுதான். மகன் இருந்தும் பார்க்கவில்லை என்றால் அதை வாய்வார்த்தையாகச் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை நோட்டில் ஒட்டுங்கள்.

மாற்றுத்திறனாளி என்றால் தனித்துவ அடையாள அட்டை முதலில் வர வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது; சலுகைகளில் பலவற்றுக்கு 40 விழுக்காடு பாதிப்பு என்பது எல்லைக்கோடு. நாள்பட்ட மனநோயும் பார்க்கின்சனும் இந்தப் பட்டியலில் உண்டு என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு கிடைக்கும். பதினெட்டு வயதானபின் பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் மனு கொடுக்கலாம். "எனக்குப் பிறகு இவன் என்ன ஆவான்?" என்று கேட்கும் பெற்றோரிடம் ஆறுதல் சொல்வதற்கு முன் இந்த மனுவைப் பற்றிச் சொல்லுங்கள்.

மாத்திரைக்கு: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும், படுக்கையில் கிடப்பவர்களுக்கான நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதில் சேர்ந்தவையே. உங்கள் தெரு எந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் வருகிறது என்று கண்டுபிடித்து, அங்குள்ள சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரும் பக்கத்துத் தெருக்காரராகவே இருப்பார். அவரோடு சண்டை போடாதீர்கள். இந்த அமைப்பில் உங்களுக்கு வாய்க்கும் மிக நல்ல துணை அவர்தான்.

ரேஷனுக்கு: வயதானவர்களின் கைரேகை தேய்ந்து, கருவியில் விழாமல், அரிசி இல்லாமல் திரும்பி வருவது அன்றாடக் காட்சி. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் மட்டும் உள்ள அட்டைகளுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் நோட்டில் இருப்பவர்களின் பெயர் கடையின் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒருமுறை போய்ச் சரிபாருங்கள்.

வீட்டில் பார்க்க மறுத்தால்

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தைப் புதியவர்கள் வாள்போல உருவிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பொறுங்கள். முதலில் அது என்ன தருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். முடியாதவருக்காக ஓர் அமைப்போ அவர் அதிகாரம் அளித்தவரோ கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். வக்கீல் வைத்து வாதாட இந்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 'என்னைப் பார்த்துக்கொள்வான்' என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்க்காமல் விட்டால் ரத்து செய்யக் கோர 23ஆம் பிரிவு இருக்கிறது. முதியவரைக் கைவிடுவது குற்றம். மூன்று மாதம் வரை சிறை.

மனு போட்ட மறுநாளும் அந்த முதியவர் தன் மருமகள் கையால்தான் சாப்பிட்டாக வேண்டும். இதை மறந்துவிட்டுச் சட்டம் பேசாதீர்கள். மருமகளைத் தனியே உட்கார வைத்துப் பேசினால், அவர் இரண்டு ஆண்டாக ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை என்பது தெரியவரும். வாரத்தில் இரண்டு நாள், மூன்று மணி நேரம், வேறு யாராவது வந்து உட்கார்ந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடுகிற வீடுகள் நிறைய. தீராத வீடுகளும் உண்டு. அடியும் பட்டினியும் இருக்கிற இடத்தில் தயங்க வேண்டாம். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

தெருவில் இருப்பவர், மனம் குலைந்தவர்

மேம்பாலத்துக்கு அடியில் மூட்டையோடு இருப்பவரை ஆம்புலன்ஸ் வைத்து அள்ளிக்கொண்டு போவது உதவி ஆகாது. வீடற்றோருக்கு மாநகராட்சியின் காப்பகங்கள் இருக்கின்றன. லட்சம் பேருக்கு ஒன்றாவது, இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து வளர்ந்தவை அவை. 1913 என்ற எண்ணில் கேட்டால் விவரம் சொல்வார்கள். நான்கு நாள் ஒரே நேரத்துக்குப் போய் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிய பிறகு, அவர் வருகிறேன் என்றால் அழைத்துப் போங்கள்.

மனநோயோடு தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைபவர் என்றால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் கடமை காவல் நிலையத்துக்கு இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், 100ஆம் பிரிவு. அந்தப் பிரிவு எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மரியாதையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்பார்கள். வீட்டிலேயே இருப்பவருக்கு மனநல உதவி எண் 14416 இரவு பகல் பார்க்காமல் தமிழில் பேசும்.

1794இல் தொடங்கி இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மனநலக் காப்பகத்தைப் பற்றி நம் பக்கத்தில் இன்னும் கேலிப் பேச்சு ஓயவில்லை. புறநோயாளியாகப் போய் மாத்திரை வாங்கித் திரும்பி, மீன் வெட்டும் வேலையை விடாமல் செய்பவர்கள் இந்தக் கேலி பேசுகிறவர்களின் தெருவிலேயே இருக்கிறார்கள். குணமான பிறகும் போக இடமில்லாமல் உள்ளே கிடப்பவர்கள்தான் நம் கவனத்துக்கு உரியவர்கள். குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் அவர் எங்கே போவார்?

சாவி யார் கையில்

இங்கேதான் துணையோடு வாழும் வீடு என்ற பேச்சு வருகிறது. சென்னையில் 1993இல் தொடங்கிய பேன்யன் அமைப்பு 2015 முதல் செய்துவரும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் நெடுங்காலம் கிடந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஊருக்குள் ஒரு வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். உதவிக்கு ஆள் இருப்பார். பெயர்ப் பலகை கிடையாது. பக்கத்து வீட்டுக்கு அது இன்னொரு பக்கத்து வீடு.

உங்கள் பகுதியில் ஓர் அமைப்போடு சேர்ந்து இப்படி ஒரு வீடு பிடிக்க இறங்கினால், பணத்தைவிட வீட்டுக்காரர்தான் கடினம். திருவொற்றியூரில் ஒரு வீட்டுக்காரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "ராத்திரியில் கத்துவார்களா?" என்றார். "முதல் வாரம் ஒருவர் தூங்க மாட்டார், நடப்பார். கத்த மாட்டார்" என்றேன். "என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நடப்பார்" என்று சாவியைக் கொடுத்தார். மறைத்துச் சொல்லி வீடு பிடித்திருந்தால் இரண்டாம் மாதம் காலி செய்யச் சொல்லியிருப்பார். உண்மையைச் சொல்லி நான்கு வீடு தட்டிப் போனாலும் ஐந்தாவது நிலைக்கும்.

வீடு தரைத்தளமாக இருக்கட்டும். மழைக்குத் தண்ணீர் நிற்கும் தெருவா என்று எதிர்வீட்டுச் சுவரில் ஈரக் கறையின் உயரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்றும் பாருங்கள். கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மூடிய கேட்டுக்குப் பின்னால் 108 நிற்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அட்வான்ஸ், வாடகை இரண்டுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். வீட்டில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித் தட்டு, பூட்டோடு ஒரு அலமாரி, வாசல் சாவியின் ஒரு பிரதி. உதவியாளருக்கு வாரம் ஒரு நாள் கட்டாய விடுமுறை, அன்று வர இன்னொருவர். உதவியாளர் களைத்துப்போன வீட்டில் மற்ற எல்லாம் ஒவ்வொன்றாகச் சரியும்.

சில நேரம் இல்லம்தான் வழி. முழுநேரச் செவிலியர் தேவைப்படுபவர் உண்டு. எவருமே இல்லாதவர் உண்டு. அப்போது முன்னறிவிப்பு இல்லாமல் பிற்பகல் நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். பார்வைக்கு வருபவர்கள் காலையில் வருவார்கள் என்று அங்கே எல்லாம் காலையில் துடைத்து வைக்கப்பட்டிருக்கும். பதிவுச் சான்றைக் கேளுங்கள்: மனநல மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு, பெண்கள் தங்கும் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படியான பதிவு. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? குளிக்கும் நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? ஓய்வூதியம் வரும் ஏடிஎம் அட்டை யார் பையில் இருக்கிறது? நிர்வாகி பையில் என்றால், நான் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவேன். அறைகள் வெளியே பூட்டப்பட்டிருந்தாலும் அப்படியே. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது 28 பேர் சங்கிலியோடு எரிந்துபோனார்கள். இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது.

ஒருவருக்காகக் கேட்பதிலிருந்து தெருவுக்காகக் கேட்பதற்கு

மூன்று மாதத்தில் நோட்டில் முப்பது பேர் சேர்ந்திருப்பார்கள். இப்போது பின்னாலிருந்து புரட்டுங்கள். ஒரே குறை எத்தனை பக்கத்தில் திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். எங்கள் நோட்டில் அது மாடிப்படி. ஒரே பிளாக்கில் ஏழு பேர் நடக்க முடியாமல் மேல்மாடிகளில் இருந்தார்கள்.

புதியவனாக இருந்தபோது நாற்பது கோரிக்கைகளை ஒரே மனுவில் எழுதிக் கொண்டுபோனேன். வாங்கியவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். இப்போது ஒரு மனு, ஒரு பக்கம், ஒரே கோரிக்கை. ஏழு பேரின் மாடியும் வயதும் ஓர் அட்டவணை. வீடு ஒதுக்கும் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு சொல்வதை ஒரு வரியில் குறிப்பிட்டு, காலியாகும் தரைத்தள வீடுகளை இவர்களுக்கு மாற்றிக் கொடுக்கக் கேட்டோம். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்புக்கு முகவரி; நகல்கள் கவுன்சிலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும். ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து எண் வாங்கினோம். ஓராண்டுக்குள் இரண்டு பேருக்கு மாறியது. துண்டு ஆயா அந்த இரண்டில் ஒருவர் அல்ல. அவருக்கு, தரைத்தளத்தில் இருந்த ஓர் இளம் தம்பதி தாங்களாகவே வீடு மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டு, அதற்கான மனு இன்னும் நடக்கிறது.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "இன்ன தேதிக்குப் பிறகு இந்தக் குடியிருப்பில் காலியான தரைத்தள வீடுகள் எத்தனை? அவை யாருக்கு, எந்த முன்னுரிமையில் ஒதுக்கப்பட்டன?" என்று கேளுங்கள்.

வார்டின் பகுதி சபைக் கூட்டங்களை விட்டுவிடாதீர்கள். சாக்கடை, தெருவிளக்கு, குப்பை என்று பேசி முடிப்பார்கள். முதியோருக்கான இருக்கையோ சுகாதார நிலையத்தில் சாய்தளமோ யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கும்போது உங்களோடு ஊன்றுகோலோடு வந்த ஒருவர் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்க்க 2025இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அவர்களைத் தேடிப் போய் உங்கள் அட்டவணையைக் காட்டுங்கள்.

மழைக்கு முன்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் இந்த வேலைக்கு மட்டும் தனியாக ஒரு வாரம் ஒதுக்குகிறோம். நோட்டிலிருந்து படுக்கையில் இருப்பவர்கள், ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் ஆகியோரை மட்டும் பிரித்து, அவர்களிடமும் வீட்டாரிடமும் சம்மதம் கேட்டு, தரைத்தளக்காரர்கள் முதலில் வரும்படி ஒரு பட்டியல். ஒரு பிரதி மண்டல அலுவலகத்துக்கு, ஒன்று சுகாதார நிலையத்துக்கு, ஒன்று எங்களிடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்த வெள்ளத்தில் கச்சா எண்ணெயும் கலந்திருந்தது. அந்தத் தண்ணீரில் படுக்கையில் கிடப்பவர்களை யார் தூக்குவது என்று அன்று இரவு யோசிக்க நேரம் இருக்கவில்லை.

பட்டியலில் மாத்திரைகளின் பெயர்கள் இருக்கட்டும். பத்து நாள் மாத்திரையும் அட்டைகளின் நகலும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், கட்டில் உயரத்துக்கு மேல். எந்த மாடி வீட்டில் ஏற்றிக்கொள்வார்கள் என்று முன்பே பேசி, அந்த வீட்டு எண்ணும் அதில் இருக்கட்டும். சக்கர நாற்காலியோடு ஓர் ஆளைத் தூக்க நான்கு பேர் வேண்டும். தெருவில் அந்த நான்கு பேர் யார், அவர்களில் பகலில் யார் இருப்பார்கள், இரவில் யார் இருப்பார்கள், யாரிடம் படகு இருக்கிறது என்று கடைசிப் பத்தியில் எழுதுங்கள்.